ஆளுக்கு ஒரு நாழி அரிசி: திருமுக்கூடல் ஆதுலசாலையின் வரவுசெலவு

காட்டுப்பாக்கத்தில் நின்றுகொண்டு போரூர்ப் பக்கம் போனாலும் சரி, பூந்தமல்லிப் பக்கம் போனாலும் சரி, ஆஸ்பத்திரிப் பலகை கண்ணில் படாமல் இரண்டு பஸ் ஸ்டாப்பைத் தாண்டுவது கடினம். அதே சாலையில் பூந்தமல்லியைக் கடந்து பெங்களூரு நெடுஞ்சாலையைப் பிடித்து, ஸ்ரீபெரும்புதூர் தாண்டி, சுங்குவார்சத்திரத்தில் இடப்பக்கம் திரும்பினால் வாலாஜாபாத். அங்கிருந்து பழையசீவரம் போய்ப் பாலாற்றைக் கடந்தால் திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடம். கரையில் இருக்கும் அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயிலில், வீரராசேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அவன் 1063 முதல் 1070 வரை ஆண்டவன். தொண்டை மண்டலம் அப்போது ஜெயங்கொண்ட சோழ மண்டலம் எனப் பெயர் மாறியிருந்தது.

1915இல் கல்வெட்டுத் துறையினர் படியெடுத்த இந்தச் சாசனத்தை, கே.வி. சுப்பிரமணிய ஐயர் பின்னர் எபிகிராஃபியா இண்டிகாவின் 21ஆம் தொகுதியில் பதிப்பித்தார். 'ஆயிரம் ஆண்டுக்கு முன்பே தமிழன் ஆஸ்பத்திரி கட்டினான்' என்ற பெருமிதப் பேச்சில் இது அடிக்கடி வந்துபோகிறது. பெருமைப்படுவதில் தப்பில்லை. ஆனால் அந்த வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டால் கல்வெட்டின் பாதிச் சுவை போய்விடும். இது முதலில் ஒரு கணக்கு. வரவு எவ்வளவு, எந்த ஊரிலிருந்து வருகிறது, யாருக்கு எத்தனை நாழி, எத்தனை காசு என்று நெல்மணி சிந்தாமல் எழுதி வைத்திருக்கிறார்கள். கணக்காகப் படித்தால்தான் அந்த மருத்துவமனை யாருக்காக இருந்தது, அதில் யாருக்கு என்ன மதிப்பு இருந்தது என்பது பிடிபடும்.

வரவு வந்தது வயலைக்காவூர் என்ற தேவதான ஊரிலிருந்து. அங்கே விளைவித்தவர்கள் செலுத்த வேண்டியதில் ஆண்டுக்கு 3,000 கலத்துக்கு மேல் நெல்லும் 200க்கு மேற்பட்ட காசும் கோயிலுக்கு ஒதுக்கப்பட்டன. பெருமாளின் திருவமுது, திருவிளக்கு, திருவிழா, கோயில் பணியாளர் என்று செலவு நீள்கிறது. அடுத்தது கல்வி. கோயிலின் ஜனநாத மண்டபத்தில் ரிக் வேதம், யஜுர் வேதம், வியாகரணம், பாஞ்சராத்திரம் முதலானவற்றைப் படித்த சுமார் 60 மாணவர்களுக்குச் சாப்பாடு, படுக்கப் பாய், சனிக்கிழமை தலைக்குத் தேய்த்துக் குளிக்க எண்ணெய் வரை கணக்கு உண்டு. விடுதி நடத்திப் பழகியவர் எழுதிய கணக்கு போலவே இருக்கிறது. இவற்றின் தொடர்ச்சியாகத்தான் வீரசோழன் என்ற பெயரில் ஓர் ஆதுலசாலை, அதாவது மருத்துவமனை, வருகிறது.

அதில் படுத்துக் கிடக்கும் நோயாளிகள் 15 பேர். 'பதினைந்து படுக்கை' என்று இன்று எழுதிவிடுகிறோம். கல்வெட்டு எண்ணுவது கட்டிலை அல்ல, ஆளை. ஆளுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு நாழி அரிசி. நோயாளியைக் கவனிக்க ஒரு மருத்துவர், அறுவை வேலைக்கு ஒரு 'சல்லியக்கிரியை பண்ணுவான்', மூலிகை பறித்து விறகு கொண்டுவந்து மருந்து செய்ய இரண்டு ஆட்கள், மருந்து காய்ச்சிக் கொடுத்து நோயாளியைப் பார்த்துக்கொள்ள 'மருந்தடும் பெண்டுகள்' இருவர், ஒரு நாவிதர், தண்ணீருக்கு ஓர் ஆள். இரவு முழுக்க எரிய ஒரு விளக்குக்கு எண்ணெய்.

மருத்துவர் பெயர் ஆலப்பாக்கத்துக் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன். காட்டுப்பாக்கத்துக்காரர்களுக்குப் போரூரை ஒட்டிய ஆலப்பாக்கம் உடனே நினைவுக்கு வரும். தொண்டை மண்டலத்தில் ஆலப்பாக்கங்கள் பல உண்டு என்பதால் சொந்தம் கொண்டாட அவசரப்பட வேண்டாம். அவருடைய சம்பளத்தைப் பார்ப்போம். நாளுக்கு மூன்று குறுணி நெல். ஆண்டுக்கு 90 கலம். அதோடு 8 காசு. அதற்கு மேல் நிலமும் உண்டு. பன்னிரண்டு குறுணி ஒரு கலம், ஆண்டுக்கு 360 நாள் என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள், கணக்கு அச்சாகப் பொருந்தும். அறுவை வைத்தியருக்கு நாளுக்கு ஒரு குறுணி, ஆண்டுக்கு 30 கலம். மூலிகை கொண்டுவருபவர்களுக்கும் ஆளுக்கு ஒரு குறுணிதான். மருந்தடும் பெண்களுக்கு ஆளுக்கு நான்கு நாழி, அதாவது அரைக் குறுணி. நாவிதருக்கும் அதே நான்கு நாழி.

இந்த விகிதங்களைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். கத்தியைக் கையில் எடுப்பவருக்கு, மருந்தெழுதுபவர் வாங்குவதில் மூன்றில் ஒரு பங்கு. காட்டில் அலைந்து பச்சிலை பறித்து வருபவரும் அறுவை வைத்தியரும் நெல்லளவில் சமம். இரவும் பகலும் நோயாளியின் பக்கத்தில் இருந்த பெண்ணின் கூலி, மருத்துவர் கூலியில் ஆறில் ஒன்று. நூலறிவுக்கு மேலிடம், கைவேலைக்குக் கீழிடம் என்ற சமூகப் படிநிலை அப்படியே மருத்துவமனைக்குள்ளும் குடியேறியிருக்கிறது. இது நம் ஊருக்கு மட்டும் உரிய நோய் அல்ல. மேற்கு ஐரோப்பாவில் 1215இல் கூடிய லாத்தரன் திருச்சபைப் பேரவை, உயர்நிலைக் குருமார் கத்தி வைத்து வைத்தியம் செய்யக் கூடாது என்று விதித்தது. அங்கும் அறுவை வேலை நாவிதர் கைக்கே போய்ச் சேர்ந்தது. நம் கிராமங்களில் அண்மைக் காலம் வரை கட்டி கீறுவதும் பிரசவம் பார்ப்பதும் மருத்துவர் எனப்பட்ட நாவிதர் சமூகத்து ஆண் பெண்களின் வேலையாகவே இருந்தன. அதற்கான கூலியும் மரியாதையும் வைத்தியருக்குக் கிடைத்ததைவிட எவ்வளவு குறைவாக இருந்தன என்பது பெரியவர்களுக்குத் தெரியும்.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். 15 நோயாளிகளுக்கு நாளுக்கு 15 நாழி அரிசி என்றால் ஆண்டுக்கு 5,400 நாழி. ஐந்து பங்கு நெல்லுக்கு இரண்டு பங்கு அரிசி என்பது அந்தக் காலத்தில் பரவலாக இருந்த குத்தல் கணக்கு. அப்படிப் பார்த்தால் 13,500 நாழி நெல், ஏறத்தாழ 140 கலம். ஆக மருத்துவர் ஒருவருக்குப் போனது, அத்தனை நோயாளிகளுக்கும் சேர்த்துச் சோற்றுக்குப் போனதில் பாதிக்கும் மேல். நோயாளி உணவையும் பணியாளர் கூலியையும் கூட்டினால், ஊர் தந்த மொத்த நெல்லில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றே மேல் ஆதுலசாலைக்குப் போயிருக்கிறது. ஒரு கோயில் தன் வருவாயில் இவ்வளவை நோய்க்கு என்று எடுத்து வைத்தது சின்ன விஷயம் அல்ல. நெல்லாகக் கொடுத்ததால் விலைவாசி ஏறினாலும் நோயாளியின் நாழி குறையாது. திட்டமிட்டவர்கள் கெட்டிக்காரர்கள்.

கல்வெட்டின் மிகச் சுவையான பகுதி மருந்துப் பட்டியல்தான். சுமார் 20 மருந்துகள் எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும். வாசா ஹரீதகி, கோமூத்திர ஹரீதகி, தசமூல ஹரீதகி, பல்லாதக ஹரீதகி என்று போகிறது. ஹரீதகி என்பது கடுக்காய். ஆடாதோடையோடு சேர்ந்தால் ஒன்று, சேங்கொட்டையோடு சேர்ந்தால் மற்றொன்று. பூண்டும் ஆமணக்கும் சேர்ந்த தைலம், காதுக்கான தைலம், வில்வம் சேர்ந்த நெய், நாள்பட வைத்த பழைய நெய், இரும்புக் கிட்டத்தில் செய்த மண்டூர மாத்திரை, கல்யாண லவணம், கண்ணுக்கென்றே தோன்றும் சுனேத்திரி. பூந்தமல்லி கடைத்தெருவின் நாட்டு மருந்துக் கடையில் இந்தப் பட்டியலைப் படித்தால், பாதிச் சரக்கை ஏட்டைப் பார்க்காமலே கடைக்காரர் கட்டிக் கொடுத்துவிடுவார்.

நோயாளிகளின் நோய் பற்றி ஒரு வரியும் எழுதாத கல்வெட்டு, மருந்துகளின் வழியே அவர்களுக்கு என்ன வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறது. ஆடாதோடை இருந்தால் இருமலும் இரைப்பும் இருந்திருக்கும். சேங்கொட்டையும் கடுக்காயும் மூல நோயை நினைவூட்டுகின்றன. மண்டூரம் சோகைக்கு. ஆமணக்குத் தைலங்கள் வாதத்துக்கும் மூட்டுப் பிடிப்புக்கும். ஆற்றங்கரை ஊரில், நாளெல்லாம் சப்பணமிட்டு உட்கார்ந்து ஓதுகிறவர்களுக்கும் கோயில் வேலையாட்களுக்கும் வரக்கூடிய வியாதிகள்தாம். கொள்ளைநோய்க்கான ஆயத்தம் எதுவும் பட்டியலில் தெரியவில்லை. மருந்துப் பெயர்கள் பெரும்பாலும் வடமொழி ஆயுர்வேத நூல்களின் வழி வந்தவை என்பதையும் சொல்லியாக வேண்டும். இதைச் சித்த மருத்துவத்துக்கான சான்று என்று மேடையில் முழங்குபவர்கள், பட்டியலை ஒரு முறை வாய்விட்டுப் படிப்பது நல்லது.

இனி முக்கியமான கேள்வி. இந்த 15 பேர் யார்? கல்லூரி, விடுதி, கோயில், ஆதுலசாலை எல்லாம் ஒரே கணக்கில் அடுத்தடுத்து வருகின்றன. ஆசிரியர், மாணவர், கோயில் பணியாளர் ஆகியோருக்கான மருத்துவமனை இது என்றே ஆய்வாளர் பலரும் கொள்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. 3,000 கலம் நெல்லை விளைவித்த வயலைக்காவூர்க் குடிகளுக்கு அங்கே ஒரு பாய் உண்டு என்று கல்வெட்டு எங்கும் சொல்லவில்லை. தர்மம் என்ற சொல்லைப் பார்த்ததும் திறந்த வாசலைக் கற்பனை செய்துகொள்கிறோம். இடைக்காலத்து அறமருத்துவமனைகளில் பலவற்றுக்கு வாசல் ஒருக்களித்துத்தான் இருந்தது. உள்ளே இருப்பவர்களுக்கு அந்த ஏற்பாடு உறுதியானது. வெளியே இருப்பவர்களுக்கு வீட்டுக் கைவைத்தியமும் குலதெய்வமும்.

வாசல் எவ்வளவு திறந்திருந்தது என்பதை வைத்து அந்தக் காலத்து மருத்துவமனைகளை ஒப்பிடுவது, எது முந்தியது, எது பெரியது என்று ஒப்பிடுவதைவிடப் பயனுள்ளது. திருமுக்கூடலுக்குச் சுமார் எழுபது ஆண்டு கழித்து, 1136இல், கான்ஸ்டான்டினோபிளில் பேரரசர் இரண்டாம் ஜான் கொம்னீனஸ் பாண்டோகிரேட்டர் மடாலயத்தை ஒட்டி ஒரு மருத்துவமனைக்கு விதிமுறை எழுதினார். அங்கே 50 படுக்கை. அதுவும் நம் கல்வெட்டைப் போலவே யாருக்கு எவ்வளவு என்ற கூலிப் பட்டியலாகவே நமக்குக் கிடைத்திருக்கிறது. ஆனால் பெண்களுக்குத் தனிப் பிரிவும், அதில் ஒரு பெண் மருத்துவரும் உண்டு. அவருக்கு ஆண் மருத்துவர்களைவிடக் குறைந்த சம்பளம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கெய்ரோவில் 1284இல் சுல்தான் கலாவூன் கட்டிய மருத்துவமனை ஏழை, பணக்காரர், ஆண், பெண் எல்லோருக்கும் என்று அறக்கட்டளைப் பத்திரத்திலேயே எழுதப்பட்டது. கம்போடியாவில் ஏழாம் ஜெயவர்மன் 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் நாடெங்கும் நடத்திய மருத்துவமனைகளைத் தா புரோம் கல்வெட்டு 102 என்று எண்ணுகிறது. நான்கு வர்ணத்தாரும் அங்கே சிகிச்சை பெறலாம் என்று அவற்றின் சாசனங்கள் சொல்கின்றன. இலங்கையின் மிகிந்தலையில் பிக்குகளுக்கான மருத்துவமனையின் அடித்தளமும், நோயாளியை மருந்து நீரில் கிடத்த ஆள் வடிவத்தில் குடைந்த கல்தொட்டியும் இன்றும் கிடக்கின்றன. அது, திருமுக்கூடலைப் போலவே, சொந்த ஆட்களுக்கான மருத்துவமனை.

ஆந்திரத்து மல்காபுரம் சாசனத்தை இங்கே தவிர்க்க முடியாது. 1261இல் காகதீய ராணி ருத்திரமாதேவி காலத்தில், விசுவேசுவர சிவாசாரியார் தாம் பெற்ற ஊர்களின் வருவாயைப் பங்கிட்டு மடம், கல்விச்சாலை, அன்ன சத்திரம் ஆகியவற்றோடு ஆரோக்கியசாலைக்கும் பிரசவசாலைக்கும் தனித்தனியாக ஒதுக்கினார். சத்திரத்தில் பிராமணர் முதல் சண்டாளர் வரை யார் வந்தாலும் சோறு என்பதும் அதில் இருக்கிறது. திருமுக்கூடல் கணக்கில் பெண் வருவது மருந்து காய்ச்சுபவராக மட்டும். மல்காபுரத்தில் அவள் நோயாளியாகவும் வருகிறாள். இருநூறு ஆண்டுக்குள் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

சோழர் பகுதியிலும் திருமுக்கூடல் தனி மரம் அல்ல. தஞ்சையில் முதலாம் இராசராசனின் அக்காள் குந்தவை, தந்தை பெயரால் சுந்தரசோழ விண்ணகர் ஆதுலசாலையை நிறுவி, அதன் மருத்துவருக்கு மருத்துவக்காணியாக நிலம் கொடுத்தார். காணி என்றால் தந்தைக்குப் பின் மகன். பணி தொடர்ந்து நடக்கும், வைத்தியர் ஊரைவிட்டுப் போகமாட்டார், ஆளைத் தேடி அலைய வேண்டாம் என்பது இதன் நன்மை. நிலத்தோடு வித்தையும் மகனுக்கு வந்து சேரும் என்று யார் உறுதி சொல்வது? அந்த இடைவெளியை நிரப்பத்தானோ என்னவோ, விக்கிரம சோழன் காலத்தில், 1121இல், திருவாவடுதுறையில் அஷ்டாங்க ஹிருதயமும் சரகமும் படித்த மாணவர்களுக்குச் சோறு போட ஏற்பாடு நடந்திருக்கிறது. திருவரங்கத்தில் படையெடுப்பில் அழிந்துபோன ஆரோக்கியசாலையைக் கருடவாகன பட்டர் என்பவரின் வழியில் வந்தவர் 1493இல் மீண்டும் எடுப்பித்தார். அங்கே இருக்கும் தன்வந்திரி சந்நிதி, மருத்துவமும் வழிபாடும் ஒரே கூரையின் கீழ் நடந்ததற்குச் சாட்சி.

இவ்வளவு உறுதியாக எழுதிவைத்த ஏற்பாடுகள் ஏன் நிலைக்கவில்லை? சூரியசந்திரர் உள்ளவரை என்றுதான் எல்லாச் சாசனமும் முடியும். ஆனால் மருத்துவமனையின் உயிர் வயலில் இருந்தது. ஆட்சி மாறி, தேவதான ஊர் கைமாறி, நெல் வருவது நின்றால், முதலில் நிற்பது மருந்துச் செலவு. பெருமாளின் திருவமுதை நிறுத்த யாருக்கும் துணிவு வராது. நோயாளியின் நாழியை நிறுத்தினால் கேட்பாரில்லை. திருமுக்கூடலில் கோயில் நிற்கிறது, பூசை நடக்கிறது. ஆதுலசாலை இருந்தது என்பதை அந்தச் சுவர் எழுத்தைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை.

சென்னை வட்டாரத்தின் பிற்காலக் கதையிலும் இதே வாசல் பிரச்சினை திரும்ப வருகிறது. 1664இல் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கிய மருத்துவமனை கம்பெனிச் சிப்பாய்களுக்கு மட்டும். அதுதான் இடம் மாறி, இன்று சென்ட்ரலுக்கு எதிரே அரசு பொது மருத்துவமனையாக நிற்கிறது. இந்தியர்களுக்கு அதன் கதவு திறந்தது 1842இல். சுமார் 180 ஆண்டு. கல்லூரி மாணவருக்கும் கோயில் ஆட்களுக்கும் என்று சோழர் அதிகாரி எழுதியதற்கும், சிப்பாய்க்கு என்று கம்பெனிக்காரன் எழுதியதற்கும் அடிப்படையில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. இரு தரப்பும் தன் ஆள் படுத்துவிட்டால் வேலை கெடும் என்றுதான் முதலில் யோசித்திருக்கிறது.

வடசென்னை கதை வேறு. ஹைதர் அலி போரையொட்டி வந்த பஞ்சத்தில், 1782இல், ஊரைவிட்டு ஓடிவந்து சென்னைத் தெருக்களில் விழுந்தவர்களுக்கு ஒரு மணியக்காரரின் சத்திரத்தில் கஞ்சி ஊற்றத் தொடங்கினார்கள். கஞ்சிக்கு வந்தவர்களில் நோயாளிகளே அதிகம் இருந்திருப்பார்கள். 1799இல் அங்கே ஜான் அண்டர்வுட் என்ற மருத்துவர் உள்ளூர் மக்களுக்கான மருத்துவமனையைத் தொடங்கினார். பின்னாளில் ஸ்டான்லி என்று பெயர் சூட்டப்பட்ட மருத்துவமனையின் வேர் அதுதான்; கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றால்தான் பழைய ஆட்களுக்குப் புரியும். யாருக்கு என்று பட்டியல் எழுதாமல் தொடங்கியதால், பட்டியலைப் பிறகு அழிக்க வேண்டிய வேலையும் அதற்கு இல்லை.

கோயில் வருவாயில் மருத்துவம் என்ற வழக்கம் அண்மையில் மீண்டும் தலைகாட்டியிருக்கிறது. 2021 டிசம்பரில் இந்து சமய அறநிலையத்துறை பழனி, திருவரங்கம், திருவண்ணாமலை போன்ற 10 பெரிய கோயில்களில் மருத்துவ மையங்களைத் திறந்தது. தரிசன வரிசையில் மயங்கி விழுபவருக்கும் படியேறும்போது மூச்சு வாங்குபவருக்கும் அது கைகொடுக்கிறது; நல்ல காரியம். கோயில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உழுகிறவர் வீட்டில் ஒருவர் வாரக்கணக்கில் படுத்துவிட்டால், அவர்கள் போவது தாலுகா ஆஸ்பத்திரிக்குத்தான். வயலைக்காவூர்க்காரருக்கு அதுகூட இருந்ததில்லை.